பெயர் எழுதத் தேவையில்லை

புத்தகத்தை முதுகு தெரிய அடுக்கினால் பிள்ளைகள் எடுக்க மாட்டார்கள். முகம் தெரிய நிமிர்த்தி வைக்க வேண்டும். இதை நான் நூலகவியல் வகுப்பில் கற்றுக்கொள்ளவில்லை. எங்கள் ஊர்ச் சந்தையில் மீன்காரம்மா நல்ல மீனைக் கூடைக்குள் போட்டு மூட மாட்டார். பலகையில் செவுள் தெரியத் திருப்பி வைப்பார். அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

நீங்கள் எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள், கல்பனா மேடம். குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து, திருவள்ளூரிலிருந்து, இதற்காகவே வண்டி எடுத்து வந்திருக்கிறீர்கள். பள்ளி அலுவலகத்தில் என்னை உட்கார வைத்து, ஃபேனைப் போட்டு, வெள்ளைத்தாள் கொடுத்து, "நடந்ததை நடந்தபடி எழுதும்மா, பயப்படாதே" என்றீர்கள். எனக்குப் பயம் ஒன்றும் இல்லை. கேள்வி கேட்டுப் பதில் வாங்குவது உங்கள் வேலை. என் வேலையும் அதுவாகத்தான் இருந்தது என்று படிக்கப் படிக்கத் தெரியும்.

என் பெயர் ஜெபா. வயது இருபத்தாறு. விண்ணப்பங்களில் 'முதல் தலைமுறைப் பட்டதாரியா?' என்று ஒரு கட்டம் இருக்குமே, அதில் டிக் அடித்து அடித்தே மேலே வந்தவள். எங்கள் ஆட்கள் ஒரு காலத்தில் மற்றவர் வயலில் நாற்று நட்டார்கள். சிப்காட் வந்தபிறகு மற்றவர் ஆலையில் இரும்பு தூக்குகிறார்கள். அப்பா யேசுதாஸ் வாட்ச்மேன். அம்மா சின்னப்பொண்ணு வீட்டில். நான் இந்தப் பள்ளியின் நூலகர், இரண்டு வருடமாக.

நான் வந்தபோது நூலகம் என்பது நான்கு பூட்டிய கண்ணாடி பீரோ. சாவி தலைமையாசிரியர் மேசையில். புத்தகம் கிழிந்துவிடும் என்று யாருக்கும் கொடுப்பதில்லை. நான்தான் பூட்டைத் திறந்தேன். ஜன்னலோரம் ஒரு மேசை போட்டு, மேலே பச்சைத் துணி விரித்து, மாதத்துக்கு ஒரு தலைப்பில் புத்தகங்களை நிறுத்தி வைத்தேன். மேசை, ஆறாம் வகுப்புப் பிள்ளையின் நெஞ்சு உயரம்தான் இருக்க வேண்டும். புத்தகம் ஐந்து போதும். பத்து வைத்தால் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். ஐந்து வைத்தால் ஒன்றை எடுப்பார்கள். மழை என்று ஒரு மாதம். பாம்பு என்று ஒரு மாதம். அந்த மாதம் பெண்பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். கப்பல் என்று ஒரு மாதம், காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு வேலைக்குப் போகும் அப்பாக்கள் நிறைய இருப்பதால்.

புத்தகங்களுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி வைத்தேன். ஷூ வாங்கிய அட்டைப்பெட்டிதான். பழுப்புத் தாள் ஒட்டி, மேலே ஒரு கீறல் போட்டு, தலைப்பை ஒட்டி ஒரு கேள்வியை அட்டையில் எழுதி முன்னால் சாய்த்து வைப்பேன். பிள்ளைகள் சீட்டில் பதில் எழுதிப் போடலாம். 'கப்பலேறிப் போனால் யாரை விட்டுவிட்டுப் போவாய்?' என்று கேட்டதற்குப் பாதிப் பேர் கணக்கு மிஸ் என்று எழுதியிருந்தார்கள். கணக்கு மிஸ்ஸிடம் நான் சொல்லவில்லை. அட்டையில் கேள்விக்குக் கீழே ஒரு வரி எப்போதும் இருக்கும்: பெயர் எழுதத் தேவையில்லை.

யார் எழுதியது என்று எனக்குத் தெரியாது என்று நான் எங்கும் எழுதவில்லை. புத்தகம் எடுக்கும்போது ஒவ்வொரு பிள்ளையும் பதிவேட்டில் பெயரும் வகுப்பும் எழுதிக் கையெழுத்துப் போடுகிறது. இருநூற்றுச் சொச்சம் கையெழுத்து எனக்குத் தெரியும். அதிலும் ஏழாம் வகுப்பு 'ஆ' பிரிவு ஷைனியைக் கண்டுபிடிக்கப் பதிவேடே வேண்டாம். அவள் ஒருத்திதான் ஊதா நிற ஜெல் பேனாவில் எழுதுவாள். சீட்டை விரித்தால் திராட்சை மிட்டாய் வாசனை வரும்.

ஷைனி மோசஸின் மகள். மோசஸைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் ஜோஷ்வாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஜோஷ்வா என் தம்பி. இரண்டு வயது சின்னவன். பிளஸ் டூ முடித்ததும் நின்றுகொண்டான். வீட்டில் ஒருவர்தான் மேலே படிக்கலாம் என்ற நிலைமை. "நீயே படி. எனக்கு புக்க தொட்டாலே தூக்கம் வருது" என்றான். பொய். நான் கல்லூரி நூலகத்திலிருந்து கொண்டுவரும் புத்தகத்தை எனக்கு முன்னால் படித்து முடிப்பவன் அவன். மோசஸ் எங்கள் காலனிக்காரர், எங்கள் சபையில் மூப்பர், கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் ஷிப்ட் சூப்பர்வைசர். அம்மாவை அக்கா என்பார், என்னைப் பாப்பா என்பார். அவர்தான் ஜோஷ்வாவை ஒப்பந்தக் கூலியாக உள்ளே சேர்த்துவிட்டார். அம்மா அவர் வீட்டுக்கு நாட்டுக்கோழி கொண்டுபோய்க் கொடுத்து வந்தாள்.

கம்பியைக் குளிரவைக்க ஊற்றும் தண்ணீரெல்லாம் ஓடிவந்து சேர ஆலைக்குள் ஒரு குழி இருக்கும். அடியில் இரும்புச் செதில் சேறாகப் படியும். அது பம்பை அடைத்துக்கொண்டால் யாராவது இறங்கி வாரவேண்டும். உள்ளே காற்று கெட்டிருக்கும். அதனால் இறங்குகிறவருக்கு இடுப்பில் பெல்ட் மாட்டி, மேலே ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும் என்பது விதி. மூன்று வருடத்துக்கு முன்னால், ஆகஸ்டில், ஜோஷ்வா இறங்கினான். பெல்ட்டும் இல்லை, கயிறும் இல்லை. ஏறி வரவில்லை. அவனுக்கு இருபத்தொரு வயது.

விசாரணைக்கு வந்தவர்களிடம் மோசஸ் சொன்னது இது: பையனுடைய போன் குழிக்குள் விழுந்துவிட்டது, இறங்காதே என்று கத்தினேன், கேட்காமல் குதித்துவிட்டான். ஷிப்ட் தொடங்கும்போது எல்லாரும் போனைச் சூப்பர்வைசர் அறை அலமாரியில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று அப்பா சொல்லிப் பார்த்தார். "அதெல்லாம் பேருக்குத்தான் சார். பசங்க ஒளிச்சு எடுத்துக்கினு வந்துருவானுங்க" என்று மோசஸ் சிரித்தார். அவர்களும் சிரித்தார்கள். சொந்தக் கவனக்குறைவால் விபத்து என்று ஒரு வரி எழுதி மூடிவிட்டார்கள்.

சவப்பெட்டியின் தலைமாட்டை மோசஸ்தான் தூக்கினார். குழியில் மண் போட்டுவிட்டு அம்மாவிடம் வந்து, "கர்த்தர் சித்தம்க்கா. புள்ள ஒரு போனுக்கு ஆசப்பட்டுட்டான்" என்றார்.

அந்தப் போன் நான் கொடுத்தது. என்னுடைய பழைய போன். வேலைக்குச் சேர்ந்த அன்று கொடுத்தேன். ஆலையில் எல்லாரிடமும் அதே கறுப்புப் போன் இருக்கிறது, மாறிவிடுகிறது என்றான். முதுகில் பச்சை நெயில் பாலிஷால் J என்று பெரிதாக எழுதிக் கொடுத்தேன். என் பேருக்கும் J, அவன் பேருக்கும் J என்று சிரித்துக்கொண்டோம். மோசஸ் அந்த வாக்கியத்தைச் சொன்ன நாளிலிருந்து அம்மா எந்தப் போனையும் கையால் தொடவில்லை. எனக்குச் சோறு போடும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் பதில் பேசியிருப்பேன். தட்டை வைத்துவிட்டுப் போய்விடுவாள். மூன்று வருடம் என்பது எத்தனை தட்டு என்று பாருங்கள்.

ஒரு வருடம் கழித்து மோசஸ் வீட்டுக்கு வந்தார். "இன்னா பாப்பா, இம்மாம் படிப்பு படிச்சிட்டு ஊட்ல குந்திக்கினு இருந்தா எப்பிடி? ஷைனி படிக்கிற ஸ்கூல்ல லைப்ரரிக்கு ஆள் கேக்கறாங்க. தாளாளர்கிட்ட சொல்லிக்கீறேன், போய்ப் பாரு" என்றார். போனேன். வேலை கிடைத்தது. அம்மா சொன்னதால் போய் நன்றியும் சொன்னேன். ஷைனி ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டில் அக்கா, பள்ளியில் மிஸ் என்று கூப்பிடப் போவதாக அவளே சட்டம் போட்டாள். நன்றாகப் படிக்கிற பிள்ளை. மாதத்துக்கு ஐந்து புத்தகம் வைத்தால் ஐந்தையும் படிப்பாள். ஒரு நூலகருக்கு அப்படி ஒரு பிள்ளை கிடைப்பது அபூர்வம்.

இந்த வருடம் ஜூலை மாதத் தலைப்பு 'மர்மம்'. துப்பறியும் கதைகள் மூன்று, புதைந்துபோன ஊர்களைப் பற்றி ஒன்று, ஆழ்கடல் பற்றி ஒன்று. கேள்வி: 'உங்கள் வீட்டில் யாரும் தொடக்கூடாத பொருள் எது?' இந்தக் கேள்வியை நான் எல்லாருக்கும் பொதுவாகத்தான் எழுதினேன். இதை நீங்கள் நம்ப வேண்டும், ஏனென்றால் இனிமேல் எழுதப்போகும் எதையும் நான் அப்படிச் சொல்லப்போவதில்லை.

அப்பாவுடைய பாட்டில் என்று பதினொரு பேர். அண்ணன் பைக் என்று ஆறு பேர். அத்தையின் பல்செட் என்று ஒரு பயல். கடைசியில் ஒரு ஊதாச் சீட்டு.

'அப்பா பீரோ லாக்கரில் ஒரு பழைய போன் இருக்கு. பின்னாடி பச்சை நெயில் பாலிஷில் J போட்டிருக்கும். யார் போன்னு அம்மா கேட்டதுக்கு அடி வாங்கினாங்க. எங்க வீட்ல யாருக்கும் J இல்ல.'

மணியடிக்க இன்னும் அரைமணி நேரம் இருந்தது. புதிதாக வந்த புத்தகங்களுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தேன். மிச்சத்தையும் ஒட்டி முடித்தேன். கோணாமல்தான் ஒட்டினேன், வேண்டுமானால் பார்த்துக்கொள்ளுங்கள்.

போன் குழியில் விழவில்லை. சூப்பர்வைசர் அறை அலமாரியில் இருந்திருக்கிறது. என் தம்பி போனுக்காக இறங்கவில்லை, இறக்கப்பட்டிருக்கிறான். குழியில் விழுந்ததாகச் சொன்ன போன் அலமாரியில் கிடந்தால் மாட்டிக்கொள்வோம் என்று மோசஸ் அதை வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார். ஏன் தூக்கி எறியவில்லை என்று கேட்டீர்கள். எனக்கும் தெரியாது. பயந்தவன் பத்திரப்படுத்துவான் போலிருக்கிறது.

உடனே காவல் நிலையத்துக்குப் போயிருக்கலாமே என்பது உங்கள் அடுத்த கேள்வி. போயிருக்கலாம். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஜெல் பேனாவில் பெயர் போடாமல் எழுதிய துண்டுச்சீட்டைக் காட்டியிருக்கலாம். ஒரு ஏட்டு மோசஸைக் கூப்பிட்டு, "இன்னா மூப்பரே, இப்பிடிச் சொல்றாங்க" என்று டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டிருப்பார். அன்று சாயங்காலமே போன் ஏதாவது ஓடையில் கிடந்திருக்கும். எனக்குப் போன் வேண்டியிருந்தது. அதை எடுத்துவரக்கூடிய கை அந்த வீட்டில் ஒன்றுதான்.

ஆகஸ்ட் மாதத் தலைப்பு 'தைரியம்'. பெரியவர்கள் தப்புச் செய்தால் எதிர்த்து நிற்கும் பிள்ளைகளைப் பற்றிய கதைகளாகத் தேடி எடுத்தேன். நடுவில் வைத்த புத்தகத்தின் அட்டையில் ஒரு சிறுமி கூட்டத்துக்கு முன்னால் கையை நீட்டிக்கொண்டு நிற்பாள். கேள்வி: 'யாரிடமும் சொல்லாமல் நீ மறைத்து வைத்திருப்பது என்ன?' இருநூறு பிள்ளைகள் படிக்கும்படி எழுதிய அந்த அட்டை ஒரே ஒரு பிள்ளைக்காக எழுதப்பட்டது.

வாரத்துக்கு ஒன்றாக நான்கு ஊதாச் சீட்டுகள் வந்தன. முதல் சீட்டில் லாக்கர் சாவியை அவளுடைய அம்மா எங்கே ஒளித்து வைப்பாள் என்று இருந்தது. இரண்டாவதில் அப்பாவுக்கு எந்த வாரம் எந்த ஷிப்ட் என்று. மூன்றாவதில் கணக்குப் பரீட்சை ஒன்றில் பார்த்து எழுதிவிட்டாளாம், அது. நான்காவதை அப்படியே எழுதுகிறேன்.

'அப்பா கம்பெனி பெல்ட்டால அடிக்கிறாங்க. ஆபத்தான வேலைக்கு இடுப்பில மாட்டுற பெல்ட். கதவுக்குப் பின்னாடி மாட்டியிருக்கும். துணிப் பக்கம் பட்டா பரவாயில்ல. கொக்கிப் பக்கம் பட்டா ரொம்ப நாள் இருக்கும். மிஸ், நீங்க இதெல்லாம் படிக்கிறீங்களா?'

நான் அதை இரண்டு முறை படித்தேன். என் கண் நின்றது பெல்ட் என்ற சொல்லில். ஜோஷ்வா இறங்கியபோது ஆலையில் இல்லாத பெல்ட், அவர்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. மற்ற விஷயம் எனக்கு அப்புறம்தான் புரிந்தது. அப்புறம் என்றால் அடுத்த நிமிடம்.

பிள்ளைகளுக்கு யாராவது தொல்லை கொடுத்தால் கூப்பிட வேண்டிய 1098 எண் போட்ட சுவரொட்டி நூலகக் கதவில் இருக்கிறது. நீங்கள் உள்ளே வரும்போது பார்த்திருப்பீர்கள். ஒட்டியது நான்தான். மறுநாள் ஷைனி மேசைக்கு முன்னால் வந்து நின்று, புத்தகத்தைப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னா ஷைனி என்றேன். ஒண்ணுமில்ல மிஸ் என்றாள். ஒரு பிள்ளைக்கு இரண்டு புத்தகம்தான் கொடுப்போம். அன்று அவளுக்கு மூன்று கொடுத்தேன். நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

செப்டம்பர் மாதத் தலைப்பு 'அன்றைய கருவிகள்'. தந்தி, வானொலி, கேமரா, தொலைபேசி, கடிகாரம், ஐந்துக்கும் ஒவ்வொரு புத்தகம். கூடவே வீட்டில் சும்மா கிடக்கும் பழைய கருவிகளைக் கொண்டுவந்தால் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைக்கலாம், அக்டோபர் முதல் சனிக்கிழமை காலாண்டு மார்க்குக்காகப் பெற்றோர் வரும்போது கண்காட்சியாகக் காட்டலாம் என்று காலை வழிபாட்டில் அறிவித்தேன். தலைமையாசிரியர் எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டினார். பிள்ளைகள் டேப் ரிக்கார்டர், அரிசி அளக்கும் படி, மண்ணெண்ணெய் விளக்கு, முள் ஒடிந்த கடிகாரம் என்று தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஏழு 'ஆ' பிரிவுக்கு மட்டும் நேரில் போய், பழைய போன்தான் இன்னும் ஒன்றுகூட வரவில்லை என்று சொன்னேன்.

நான்கு நாள் கழித்து ஷைனி சாப்பாட்டுப் பையிலிருந்து எடுத்தாள். கர்சீப்பில் சுற்றியிருந்தது.

"மிஸ், இத வெக்கலாமா?"

"அப்பாகிட்ட கேட்டியா?"

"இல்ல மிஸ். அவருக்குத் தெரியாது. மீட்டிங் முடிஞ்சதும் எடுத்துக்கினு போயி திருப்பி வெச்சிடறேன்." கர்சீப்பை மடித்தாள். "நீங்க பாத்துப்பீங்க இல்ல மிஸ்?"

"பாத்துக்கறேன்" என்றேன்.

போனைத் திருப்பிப் பார்த்தேன். பச்சை J ஓரத்தில் கொஞ்சம் உரிந்திருந்தது, அவ்வளவுதான். ஆசிரியர் அறையில் சார்ஜ் போட்டேன். இருபது நிமிடத்தில் விழித்துக்கொண்டது. பழவேற்காட்டுப் படகுத்துறையில் நானும் அவனும் எடுத்துக்கொண்ட படம் திரையில் வந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் படாத போன்.

இங்கே நிறுத்தியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். என் கையில் போன் இருந்தது, பிள்ளை பெயர் வராமல் பார்த்துக்கொள்ள இரண்டு வாரம் இருந்தது. நீங்கள் நினைப்பது சரி. நான் போனை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். பெற்றோர் கூட்டத்துக்கு முந்தின நாள் எடுத்து, புத்தகங்களுக்கு நடுவில், முதுகு வெளியே தெரிய நிறுத்தினேன். போன் மட்டும் விதிவிலக்கு. அதற்கு முதுகுதான் முகம். பொருளுக்குக் கீழே யார் கொண்டுவந்தது, எங்கிருந்து கிடைத்தது என்று எழுதுவது அருங்காட்சியக வழக்கம் என்று ஷைனியிடம் சொன்னேன். அது உண்மைதான். அவளே ஸ்கெட்ச் பேனாவால் எழுதினாள்: 'கொண்டு வந்தவர்: ஷைனி மோசஸ், 7-ஆ. கிடைத்த இடம்: எங்கள் வீட்டு பீரோ லாக்கர்.' அப்பா பார்த்தால் என்று இழுத்தாள். போன மாதம் படித்த கதையில் அந்தச் சிறுமி என்ன செய்தாள் என்று கேட்டேன். அவள் எழுத்து வரிவரியாக இருந்தது. நான் பென்சிலில் கோடு போட்டுக் கொடுத்திருந்தேன்.

பெற்றோர் கூட்டத்துக்கு அம்மாவையும் வரச்சொன்னேன். என் வேலையைப் பார்க்கவேண்டும் என்றேன். அவள் வந்ததே எனக்கு ஆச்சரியம். டேப் ரிக்கார்டரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பதினோரு மணி வாக்கில் மோசஸ், மகளுடைய மார்க் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். பின்னால் ஷைனி. கணக்கில் எண்பத்தெட்டு.

"இன்னா பாப்பா, காயலாங்கட போட்டுக்கீற" என்று சிரித்தார். பக்கத்தில் தாளாளர் இருந்தார், அவரும் சிரித்தார். மோசஸ் விளக்கைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், அப்புறம் அதைப் பார்த்தார். கீழே இருந்த வரியையும் படித்தார். சிரிப்பு முகத்திலேயே தங்கிவிட்டது. அணைக்க மறந்த விளக்கு மாதிரி.

அதற்குள் அம்மா கையை நீட்டி எடுத்துவிட்டாள். மூன்று வருடமாகப் போனைத் தொடாதவள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். புடவைத் தலைப்பால் துடைத்தாள். துடைத்த தலைப்பையும் பார்த்தாள்.

"இது நனையவே இல்லியே மோசஸு" என்றாள்.

"அக்கா, இது வேற போனுக்கா. இது மாதிரி ஆயிரம் இருக்கு."

"நம்ப லாக்கர்ல இருந்ததுப்பா" என்றாள் ஷைனி. மெதுவாகத்தான் சொன்னாள். ஒரு மாதம் முழுக்க தைரியம் படித்த பிள்ளை. அவள் என்னைப் பார்த்துதான் சொன்னாள். சரியாகச் சொன்னேனா என்று கேட்கிற மாதிரி. நான் தலையாட்டினேன்.

மோசஸ் போனைக் கேட்டுக் கையை நீட்டினார். அம்மா அதை இடுப்பில் செருகிக்கொண்டாள். சுற்றிலும் காலனிப் பெற்றோர் நாலைந்து பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாளாளர் வேறு இருந்தார். மோசஸ் எதுவும் செய்ய முடியாது. மகளின் பிடரியில் கையை வைத்தார். "வாம்மா, ஊட்டுக்குப் போலாம்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். போன் கைக்குக் கிடைக்கவில்லை. கைக்குக் கிடைத்ததைக் கூட்டிக்கொண்டு போனார்.

கேட் தாண்டும்போது ஷைனி திரும்பிப் பார்த்தாளா என்று கேட்டீர்கள். பார்த்தாள். நான் மேசைத் துணியை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

அது சனிக்கிழமை பதினொன்றரை. காவல் நிலையத்தில் நான் போனைக் கொடுத்தது திங்கட்கிழமை பத்து மணிக்கு. நடுவில் ஏன் சும்மா இருந்தாய் என்று மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். முதல் தடவை, சனி ஞாயிறு அலுவலகம் இருக்காது என்றேன். காவல் நிலையத்துக்கு ஏதம்மா லீவு என்றீர்கள். இரண்டாம் தடவை, அம்மா போனை விடவில்லை என்றேன். அது நிஜம். இரண்டு நாளும் அதை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் படுத்திருந்தாள். சனிக்கிழமை மத்தியானம் சோறு போட்டுவிட்டு, போகாமல் எதிரில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தாள். "நீ குடுத்ததால இல்ல" என்றாள். நான் அந்தச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தேன். அந்த நேரத்தை வேறு எதற்காகவும் நான் கலைத்திருக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போனோம். மோசஸ் குடும்பம் உட்காரும் பெஞ்சு காலியாக இருந்தது. பிள்ளைக்குக் காய்ச்சலாம் என்று யாரோ சொன்னார்கள். எல்லாப் பாட்டும் பாடினேன். திரும்பும் வழி அவர்கள் தெரு. கதவு சாத்தியிருந்தது, உள்ளே டிவி சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. மத்தியான நேரம் அந்தக் காலனியில் யாரும் அவ்வளவு சத்தமாக டிவி வைக்க மாட்டார்கள். என் செருப்பு வார் கழன்றிருந்தது. நின்று மாட்டிக்கொண்டு போனேன்.

திங்கட்கிழமை ஷைனியுடைய பெரியம்மா வந்து கதவைத் தட்டி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் போன கதை உங்களுக்குத் தெரியும். அங்கிருந்து சென்னை ஆஸ்பத்திரி. இடது காது இனிமேல் கேட்காது என்கிறார்கள். கொக்கிப் பக்கம் பட்டிருக்கிறது.

மூன்றாம் தடவை கேட்டதற்கு இப்போது பதில் எழுதுகிறேன்.

என் தம்பிக்காகத் திருவள்ளூரிலிருந்து ஒரு சைக்கிள்கூட வரவில்லை, மேடம். ஷைனிக்காக நீங்கள் வண்டி எடுத்து வந்தீர்கள். மோசஸ் மேல் நாலு பிரிவில் வழக்கு. செய்தித்தாளில் படம். ஜாமீன் கிடைக்கவில்லை. குழியில் செத்த ஒப்பந்தக் கூலிக்காக ஒரு சூப்பர்வைசரை இந்த ஊரில் யாரும் உள்ளே வைக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். போனைக் கொடுத்திருந்தால் அதற்கும் ஒரு வரி எழுதி மூடியிருப்பார்கள். யார் உடம்பில் அடி விழுந்தால் எழுதுவார்கள் என்றும் எனக்குத் தெரியும். பள்ளிச் சீருடை போட்ட உடம்பு வேண்டும். பெல்ட்டைப் பற்றிய சீட்டு ஆகஸ்டிலிருந்து என்னிடம் இருந்தது. அவர் அடிப்பார் என்று தெரியும், எதைக்கொண்டு அடிப்பார் என்றும் தெரியும். நான் மோசஸுக்கு இரண்டு நாள் கொடுத்தேன். ஒரு நாள் போதாதோ என்று நினைத்தேன்.

ஐந்து ஊதாச் சீட்டுகளையும் தேதிவாரியாகக் குண்டூசி குத்தி இத்துடன் வைத்திருக்கிறேன். வழக்குக்கு உதவும்.

நேற்று நீங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு சீட்டைக் கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்தீர்கள். நீல மையில் இருந்தது. பெயர் இல்லை. 'மிஸ், போன் உங்ககிட்ட பத்திரமா இருக்கா? திருப்பி லாக்கர்ல வெச்சிட்டா அப்பா ஊட்டுக்கு வந்துடுவாரா?' நான் அழுவேன் என்று எதிர்பார்த்தீர்கள் போல. தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தீர்கள். மருந்து மயக்கத்தில் பிள்ளைகள் இப்படித்தான் எழுதும். அவள் புத்திசாலி. நான் அவளுக்கும் சேர்த்துத்தான் செய்தேன் என்று கொஞ்சம் பெரியவளானால் புரிந்துகொள்வாள்.

அவள் திரும்பி வரும் மாதத்துக்குத் தலைப்பு யோசித்து வைத்திருக்கிறேன். 'மன்னிப்பு.' ஐந்து புத்தகமும் எடுத்துத் தனியாக வைத்தாயிற்று. அவளுடைய வலது காது என் மேசைப் பக்கம் இருக்கும்படி நாற்காலியைத் திருப்பிப் போட வேண்டும். யார் வேலைக்கு வந்தாலும் இதைச் சொல்லிவிடுங்கள். ஆனால் அந்தப் பெட்டியை மட்டும் யாரும் எடுத்துவிட வேண்டாம். அவளுக்கு இப்போது சொல்ல நிறைய இருக்கும். கேட்பதற்கு அவளுக்கு என்னைத் தவிர யார் இருக்கிறார்கள்?